தட்டணு எண்ணிக்கை சரியாக இருந்தும் தோல் ஏன் கன்றிப்போகிறது?

டெங்குக் காய்ச்சல் பரவும் பருவங்களில் தமிழகத்து வீடுகளில் அடிக்கடி அடிபடும் சொல் ‘பிளேட்லெட்’, அதாவது தட்டணு. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை தட்டணுக்கள் இருக்க வேண்டும் என்பதும், அவை குறைந்தால் இரத்தக்கசிவு ஏற்படலாம் என்பதும் இன்று பலருக்கும் தெரியும். இந்த விழிப்புணர்வு பல உயிர்களுக்கு நன்மை செய்திருக்கிறது. ஆனால், உடலில் காரணமின்றி இரத்தம் கட்டினால் தட்டணுக்களை எண்ணிப் பார்த்தால் போதும், எண்ணிக்கை சரியாக இருந்தால் கவலைப்பட ஏதுமில்லை என்ற முடிவுக்கும் அது பலரைக் கொண்டுவந்திருக்கிறது. பல ஆண்டுகளாகச் சிறுநீரக நோய், கல்லீரல் நோய், மூட்டுவாதம், ஆஸ்துமா, இதயநோய் போன்றவற்றோடு வாழ்பவர்களிடம் இந்த முடிவு பெரும்பாலும் பொருந்துவதில்லை.

அடித்தோலிலும் அதற்குக் கீழும் உள்ள மிகச் சிறிய இரத்தக் குழாய்கள் உடைந்து, இரத்தம் வெளியேறித் திசுக்களுக்குள் தேங்குவதையே கன்றல் என்கிறோம். தேங்கிய சிவப்பணுக்களை உடலின் துப்புரவு செல்கள் விழுங்கிச் சிதைக்கின்றன. அப்போது ஹீமோகுளோபினிலிருந்து முதலில் பச்சை நிற பிலிவெர்டினும், அதிலிருந்து மஞ்சள் நிற பிலிரூபினும் உருவாகின்றன. மஞ்சள்காமாலையில் கண்ணை மஞ்சளாக்கும் பொருளும் இந்த பிலிரூபின்தான். எஞ்சும் இரும்பு சில இடங்களில் பழுப்புக் கறையாகத் தங்கிவிடுகிறது. நம் போன்ற மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் இந்த நிறமாற்றங்கள் தெளிவாகத் தெரிவதில்லை. கன்றல் சற்றே கருத்த திட்டாகவோ, தொட்டால் வலிக்கும் தடிப்பாகவோ மட்டும் இருந்துவிடக்கூடும். ஆகவே முன்கையின் உட்புறம், உள்ளங்கை, உதட்டின் உட்புறம், கண்ணிமையின் உட்பகுதி ஆகிய இடங்களையும் பார்க்க வேண்டும்.

நடக்கும்போதும் பொருள்களைத் தூக்கும்போதும் இந்த நுண்குழாய்கள் ஓரளவு சேதமடைந்துகொண்டேதான் இருக்கின்றன. அந்தச் சேதம் நம் கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கு மூன்று காவல்கள் காரணம். குழாயின் சுவரும் அதைத் தாங்கி நிற்கும் தோலின் கொலாஜன் இழைகளும் முதல் காவல். உடைந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு அடைப்பை ஏற்படுத்தும் தட்டணுக்கள் இரண்டாவது. அந்த அடைப்பை ஃபைப்ரின் இழைகளால் இறுக்கிக் கட்டும் உறைதல் புரதங்கள் மூன்றாவது. நீண்டகால நோய் இவற்றில் ஒன்றை முற்றாக அழிப்பது அரிது. நோய் ஒரு காவலையும், அதற்கான மருந்து மற்றொன்றையும், உணவுக் கட்டுப்பாடு இன்னொன்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்துகின்றன. ஒவ்வொன்றையும் தனியே சோதித்தால் பெரிய குறை தெரியாமல் போகலாம். மூன்றும் சேரும்போது தோல் கன்றிவிடுகிறது. தட்டணு எண்ணிக்கை இந்தக் காவல்களில் ஒன்றின் ஒரு பகுதியை மட்டுமே அளக்கிறது.

முதல் காவலைத் தளர்த்துவதில் ஸ்டீராய்டு மருந்துகளுக்கு முக்கியப் பங்குண்டு. மூட்டுவாதம், லூபஸ் (உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்), ஆஸ்துமா, சில சிறுநீரக நோய்கள் ஆகியவற்றுக்குப் பிரெட்னிசோலோன் உயிர்காக்கும் மருந்து என்பதில் ஐயமில்லை. ஆனால் மாதக்கணக்கில் எடுக்கும்போது அது தோலின் கொலாஜன் உற்பத்தியைக் குறைக்கிறது. வண்டியில் ஏற்றிய மண்பானைகளைச் சுற்றி அடைத்திருக்கும் வைக்கோலை உருவிவிட்டால் சிறு குலுக்கலுக்கும் பானைகள் உடைவதைப் போல, தாங்கல் இழந்த நுண்குழாய்கள் சாதாரண உராய்வுக்கே உடைகின்றன. வயது முதிர்ந்து வெயிலில் தேய்ந்த தோலிலும் இதே நிலை உண்டு. ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் பேட்மன் 1818-ஆம் ஆண்டிலேயே முதியோரிடம் இத்தகைய கன்றலைப் பதிவு செய்தார். முன்கையிலும் புறங்கையிலும் கருஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றி, வழக்கமான பச்சை, மஞ்சள் நிலைகளைக் காட்டாமல் வாரக்கணக்கில் நீடிப்பது இதன் அடையாளம். அதிக அளவில் நெடுங்காலம் எடுக்கும் இன்ஹேலர் ஸ்டீராய்டும், தோலில் தொடர்ந்து பூசும் வீரியமான ஸ்டீராய்டு களிம்பும் இதே விளைவைத் தரக்கூடும். மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் விற்கப்படும் பெயரற்ற பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல நாடுகளின் ஆய்வகங்களில் கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே ‘நாட்டு மருந்துதானே’ என்று மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் விடுவது உண்மையான காரணத்தை மறைத்துவிடும்.

இரண்டாவது காவலில் எண்ணிக்கையோடு தரமும் முக்கியம். தட்டணுக்கள் ஒன்றையொன்று அழைத்துத் திரள்வதற்கு உதவும் த்ராம்பாக்ஸேன் என்ற வேதிப்பொருளை உண்டாக்கும் நொதியை ஆஸ்பிரின் நிரந்தரமாக முடக்குகிறது. ஆஸ்பிரின் செயல்படும் விதத்தை 1971-இல் விளக்கிய ஜான் வேன், 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. எனவே முடங்கிய நொதிக்குப் பதிலாகப் புதியதை அதனால் செய்துகொள்ள முடியாது. 7 முதல் 10 நாட்கள் வரையான தன் வாழ்நாள் முழுவதும் அது பாதி முடங்கியே சுற்றுகிறது. ஆய்வக அறிக்கையில் 2.5 லட்சம் என்று இருக்கும் எண், அந்த 2.5 லட்சத்தில் எத்தனை வேலை செய்கின்றன என்பதைச் சொல்வதில்லை. தட்டணுக்களைத் திரளவிடாத மற்றொரு மருந்தான குளோபிடோக்ரெலையும் சேர்த்து எடுப்பவர்களிடம் இந்தத் தளர்ச்சி இன்னும் கூடுகிறது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலிநிவாரணிகளும் தற்காலிகமாக இதையே செய்கின்றன.

பலரும் எதிர்பார்க்காத இடம் மனச்சோர்வுக்கான மருந்துகள். தட்டணுக்கள் திரளும்போது செரட்டோனின் என்ற பொருளை வெளியிடுகின்றன. ஆனால் அதை அவை தாமே செய்வதில்லை. இரத்தத்திலிருந்து உறிஞ்சிச் சேமித்து வைக்கின்றன. ஃபுளுவாக்ஸெட்டின், செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் ஆகிய மருந்துகள் செல்கள் செரட்டோனினை உறிஞ்சும் வாயிலை அடைக்கின்றன. மூளைக்காகக் கொடுக்கப்பட்டாலும் தட்டணுக்களின் வாயிலும் அடைபட்டு அவற்றின் சேமிப்பு வற்றுகிறது. தனியாக எடுக்கும்போது பெரும்பாலானோருக்கு இதனால் தொல்லை இல்லை. வலிநிவாரணியோ ஆஸ்பிரினோ கூடச் சேரும்போதுதான் கவனம் தேவைப்படுகிறது.

சிறுநீரகச் செயலிழப்பு, எண்ணிக்கைக்கும் தரத்துக்கும் உள்ள இடைவெளியை எல்லாவற்றையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. சிறுநீரால் வெளியேற வேண்டிய கழிவுகள் இரத்தத்தில் தேங்கும்போது தட்டணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டுவதும் ஒன்றோடொன்று திரள்வதும் மந்தமாகின்றன. இதில் இரத்தசோகைக்கும் பங்கு உண்டு. ஓடும் இரத்தத்தில் சிவப்பணுக்கள் குழாயின் நடுப்பகுதியில் செறிந்து, தட்டணுக்களைச் சுவரோரம் தள்ளுகின்றன. சிறுநீரகம் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைப் போதிய அளவு சுரக்காதபோது சிவப்பணுக்கள் குறைகின்றன. தட்டணுக்களைச் சுவரோரம் தள்ள ஆளில்லாமல் போகிறது. எரித்ரோபாய்டின் ஊசி போட்டு இரத்தசோகையைச் சரிசெய்தால் இரத்தக்கசிவும் குறைவதற்கு இதுவே காரணம். அத்துடன் டயாலிசிஸ் இயந்திரத்தில் இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் செலுத்துகிறார்கள். சிகிச்சை முடிந்த சில மணி நேரம்வரை அதன் தாக்கம் இருக்கும்.

இதே நோயாளிகளிடம் உணவும் தன் பங்குக்குச் சேர்ந்துகொள்கிறது. பொட்டாசியம் கூடிவிடக் கூடாது என்பதற்காகப் பழங்களைக் குறைக்கச் சொல்கிறார்கள். காய்களை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து வடித்துவிடச் சொல்கிறார்கள். தேவையான அறிவுரைதான். ஆனால் வடித்த நீரோடு வைட்டமின் சி-யும் போய்விடுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதியை டயாலிசிஸ் வெளியேற்றுகிறது. கொலாஜன் இழைகள் உறுதியாக முறுக்கிக்கொள்ள அந்த வைட்டமின் தேவை. அது தீர்ந்துபோனால் கால்களில் பெரிய கன்றல்களும், முடிக்கால்களைச் சுற்றிச் சிறு இரத்தப் புள்ளிகளும், ஈறு வீக்கமும் தோன்றும். பழைய கடற்பயணங்களின் நோய் என்று நாம் ஒதுக்கிவைத்திருக்கும் ஸ்கர்வி இதுதான். தட்டணு எண்ணிக்கை, உறைதல் நேரம் எல்லாமே இதில் சரியாக இருக்கும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமல் இதைக் கண்டுபிடிப்பது கடினம். அதற்காகச் சிறுநீரக நோயாளி தானாகவே அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை எடுப்பதும் ஆபத்து. அது ஆக்ஸலேட்டாக மாறி உடலில் தேங்கும்.

உறைதல் புரதங்களில் பெரும்பாலானவற்றைச் செய்வது கல்லீரல். சிரோசிஸ் என்னும் கல்லீரல் இறுக்க நோயில் அந்த உற்பத்தி குறைவதோடு, கல்லீரலுக்கு வரும் இரத்தம் தடைபட்டு மண்ணீரல் வீங்குகிறது. சாதாரணமாகவே தட்டணுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தன்னிடம் வைத்திருக்கும் மண்ணீரல், வீங்கியபின் இன்னும் அதிகமாகச் சிறைவைக்கிறது. எலும்பு மஜ்ஜையில் தட்டணு உற்பத்தியைத் தூண்டும் த்ராம்போபாய்டினும் கல்லீரலில்தான் பெரும்பாலும் உருவாகிறது என்பதால் புதிய தட்டணுக்களின் வரவும் குறைகிறது.

இரத்தம் உறையாமைக்கான வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்களின் கதை உணவோடு பின்னிப் பிணைந்தது. 1920-களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன இனிப்புக் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து இறந்தன. அதன் காரணத்தைத் தேடிய விஸ்கான்சின் ஆய்வகத்தின் பணியிலிருந்து பிறந்த மருந்து அது. வைட்டமின் கே-யின் உதவியோடு உருவாகும் நான்கு உறைதல் புரதங்களை அது தளர்த்துகிறது. காய்ச்சல் வந்து நான்கு நாள் சரியாகச் சாப்பிடாவிட்டாலும், மெட்ரோனிடசோல் அல்லது கோட்ரைமாக்ஸசோல் போன்ற கிருமிக்கொல்லியைச் சேர்த்தாலும், இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு ஏறிவிடும், முதலில் அதைச் சொல்வது கன்றலாக இருக்கலாம். இதற்கு அஞ்சிக் கீரையை அடியோடு நிறுத்துவது சரியான வழியன்று. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் சாப்பிட்டு, மருந்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்வதே முறை.

அரிதானாலும் தவறவிடக் கூடாத சில காரணங்களும் உண்டு. தட்டணுவைச் சுவரோடு ஒட்டவைக்கும் பசையான வான் வில்லிபிராண்ட் புரதம் தைராய்டு சுரப்பு குறைந்தவர்களிடம் குறையலாம். இதயத்தின் அயோர்ட்டிக் வால்வு சுருங்கியவர்களிடம், குறுகிய வழியில் பீறிடும் இரத்தத்தின் விசையால் அதே புரதம் துண்டுதுண்டாகிறது. முதியோரிடமும் தன்னெதிர்ப்பு நோயுள்ளவர்களிடமும் உறைதல் காரணி எட்டுக்கு எதிராக உடலே எதிர்ப்பொருளை உருவாக்கி, திடீரென மிகப் பெரிய கன்றல்களை ஏற்படுத்துவதுண்டு. லூபஸ், ஹெபடைடிஸ் சி, இரத்தப் புற்றுநோய், மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள் ஆகியவற்றில் எண்ணிக்கையே குறைவதால் வழக்கமான சோதனை அவற்றைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

நீரிழிவால் காலில் உணர்ச்சி மங்கியவர்களுக்குக் கட்டில் காலில் இடித்துக்கொண்டதே தெரியாது. இரவில் எழும்போது இரத்த அழுத்தம் சரிந்து சுவரில் மோதியது நினைவில் இருக்காது. கன்றல் மட்டும் காலையில் தெரியும். படுக்கையில் இருக்கும் முதியவரின் மேற்கை, முதுகு, காது ஆகிய இடங்களில் கன்றல் இருந்தால், யாரேனும் அவரைத் துன்புறுத்தியிருக்கலாம் என்பதால், அவரைத் தனியே வைத்துப் பரிவோடு விசாரிக்கும் பொறுப்பும் மருத்துவருக்கு உண்டு.

ஆகவே மருத்துவரிடம் போகும்போது ஆய்வக அறிக்கையோடு, எடுக்கும் அத்தனை மாத்திரை, களிம்பு, இன்ஹேலர், ஊசி, பொடி ஆகியவற்றின் பட்டியலையும் கொண்டுசெல்ல வேண்டும். அண்மையில் எது மாறியது என்பதையும் சொல்ல வேண்டும். கன்றலுக்குப் பயந்து எதையும் தாமாக நிறுத்தக் கூடாது: இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடலாம், நெடுநாள் ஸ்டீராய்டைத் திடீரென விட்டால் அட்ரினல் சுரப்பி ஈடுகொடுக்க முடியாமல் உயிருக்கே ஆபத்தாகலாம். அழுத்தினாலும் மறையாத ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள், நிற்காத ஈறு அல்லது மூக்கு இரத்தக்கசிவு, தார் போன்ற கருமலம், கன்றலோடு காய்ச்சல் ஆகியவை தென்பட்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டிருந்தால், வெளியே கன்றல் இல்லாவிட்டாலும், அவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாலும் உடனே செல்ல வேண்டும். மண்டைக்குள் மெல்லக் கசியும் இரத்தம் பல மணி நேரம் கழித்தே தன்னைக் காட்டக்கூடும்.