மழை பெய்தாலும், மழை பெய்தும்: 'ஈவன்' படுத்தும் பாடு

மொரீசியஸில் வாய் பிரெஞ்சிலிருந்து கிளைத்த உள்ளூர்ப் பேச்சுமொழியான கிரியோலில் பேசும், கண் பிரெஞ்சுச் செய்தித்தாளை மேயும், கை மட்டும் ஆங்கிலத்தில் எழுதும். 1968ஆம் ஆண்டின் அரசியலமைப்புகூட 49ஆம் பிரிவில் நாடாளுமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்று சொல்லிவிட்டு, உறுப்பினர் பிரெஞ்சிலும் பேசலாம் என்று இடம் விட்டிருக்கிறது. வேலை விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம், பள்ளிச் சான்றிதழ்த் (எஸ்சி) தேர்வுக் கட்டுரை என்று எழுத உட்கார்ந்தால் மற்ற மொழிகள் பேனாவுக்குள் நுழைந்துவிடுகின்றன. அப்படி அதிகம் அடிபடும் ஒரு சின்ன ஆங்கிலச் சொல், 'கூட' என்று பொருள்படும் 'ஈவன்'.

அடிக்கடி சிவப்பு மை வாங்கும் வாக்கியம் இது: 'ஈவன் இட் வாஸ் ரெய்னிங், வீ வென்ட்.' மழை பெய்தும் போனோம் என்று சொல்ல நினைத்தது. தமிழில் 'பெய்தும்' என்பதில் உள்ள 'உம்' இரண்டு வேலை பார்க்கிறது. அழுத்தமும் தருகிறது, இரண்டு வாக்கியங்களைக் கட்டியும் வைக்கிறது. ஆங்கில 'ஈவன்' அழுத்தம் மட்டுமே தரும். கட்டுவதற்குக் கயிறு தனியாக வேண்டும். அந்தக் கயிறுதான் 'இஃப்', 'தோ', 'வென்' போன்ற இணைப்புச் சொற்கள். 'ஈவன் தோ இட் வாஸ் ரெய்னிங், வீ வென்ட்' என்று எழுதினால் முடிந்தது. கயிறு ஒன்று போதும். பின்பாதியில் 'பட்' போட்டு இன்னொரு முடிச்சுப் போடுவதும் பிழைதான். 'இருந்தாலும், ஆனால்' என்று நாம் பேசும் பழக்கம் அங்கே எட்டிப் பார்க்கிறது.

எந்தக் கயிறு என்பதில்தான் பெரிய சிக்கல். 'ஆனாலும்' என்ற பொருளில் வரும் பிரெஞ்சின் 'மெம் சி' நடக்காத, நடக்கலாம் என்ற சங்கதிக்கும் வரும். நடந்து முடிந்த சங்கதிக்கும் வரும். நடந்ததற்கென்று பிரெஞ்சில் 'பியாங் கெ' இருக்கிறது. ஆனால் அதன் பின்னால் வினையைச் சுப்ஜோங்க்டிஃப் என்ற தனி வினை வடிவத்துக்குத் திருப்ப வேண்டும், அந்தத் தொல்லைக்குப் பயந்து பேச்சில் பலரும் 'மெம் சி'யிலேயே காலத்தை ஓட்டுகிறார்கள். கிரியோலிலும் அதே 'மெம் சி'. ஆங்கிலம் அப்படி விடாது. நடக்குமோ நடக்காதோ என்றால் 'ஈவன் இஃப்'. நடந்தது, உண்மை என்றால் 'ஈவன் தோ'.

இந்தப் பிரிவினை தமிழுக்குப் புதிதல்ல. தைப்பூசக் காவடி புயல் பருவத்துக்குள் வருகிறது. முந்தின நாள் கோயிலில் 'மழை பெய்தாலும் காவடி புறப்படும்' என்பார்கள். அது 'ஈவன் இஃப் இட் ரெய்ன்ஸ்'. மறுநாள் நனைந்துகொண்டே வீடு வந்தவர் 'மழை பெய்தும் காவடி புறப்பட்டது' என்பார். அது 'ஈவன் தோ இட் ரெய்ண்ட்'. 'தாலும்' வந்தால் இஃப், 'தும்' வந்தால் தோ. பிரெஞ்சு வழியாகப் போய் மாட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு இந்தக் குறுக்கு வழியைக் காட்டிவிட்டால், தமிழ் வகுப்பு வீண் என்று அப்புறம் சொல்லாது.

ஒரு பள்ளம் மட்டும் உண்டு. 'அவர் ஏழையாக இருந்தாலும் கை நீட்ட மாட்டார்' என்பதில் 'தாலும்' இருக்கிறது, ஆனால் அவர் ஏழை என்பது உண்மை. இதற்கு 'ஈவன் தோ' தான். சந்தேகம் வந்தால் வாக்கியத்தின் தலையில் 'ஒருவேளை' என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். 'ஒருவேளை மழை பெய்தாலும்' பொருந்துகிறது, ஆகவே இஃப். நமக்குத் தெரிந்த அந்த ஏழை மனிதருக்கு 'ஒருவேளை' ஒட்டாது, ஆகவே தோ.

தேர்வில் இது ஒரு மதிப்பெண்ணோடு போகும். ஒப்பந்தத்தில் போகாது. 'தி டெபாசிட் வில் நாட் பி ரிஃபண்டட் ஈவன் தோ தி டெனன்ட் லீவ்ஸ் ஏர்லி' என்று எழுதிய வாடகை ஒப்பந்தம், குடியிருப்பவர் பாதியில் போவதை முடிவான விஷயமாகப் பேசுகிறது. எழுதியவர் சொல்ல வந்தது 'போனாலும்'. அங்கே 'ஈவன் இஃப்' வர வேண்டும். இன்னும் நடக்காத ஒன்றுக்கு நிபந்தனை போடும் விதியில் 'ஈவன் தோ' தென்பட்டால் உடனே நிறுத்திப் படிப்பது நல்லது.

காலத்தையும் கவனிக்க வேண்டும். 'ஈவன் இஃப் இட் வில் ரெய்ன்' கூடாது. நாளைய மழைக்கும் 'ரெய்ன்ஸ்' தான். 'பெய்தாலும்' என்பது இறந்தகாலம் போல ஒலிப்பதால் சிலர் 'ரெய்ண்ட்' என்று எழுதிவிட்டுப் பின்பாதியில் 'வில்' போடுகிறார்கள். 'ரெய்ண்ட்' வந்தால் துணைக்கு 'வுட்' வர வேண்டும், அப்போது மழைக்கான வாய்ப்பு குறைவு என்ற சாயலும் சேர்ந்துகொள்ளும்.

'ஈவன் வென்', 'ஈவன் ஆஃப்டர்' இரண்டிலும் பெரிய வம்பில்லை; 'போதும்கூட', 'பிறகும்' என்று நேராக வந்துவிடும். 'ஈவன் ஆல்தோ' என்று எழுத வேண்டாம், 'ஆல்தோ' தனியாகவே நிற்கும். 'ஈவன் ஸோ' வேறு சாதி. அது இணைப்புச் சொல் அல்ல, 'அப்படியிருந்தும்' என்று புதிதாகத் தொடங்கும் சொல். அதற்கு முன்னால் காற்புள்ளி போதாது. முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும்.

'ஈவன் ஆஸ்' சுவையானது. 'ஈவன் ஆஸ் ஹி வாஸ் ஸ்பீக்கிங், தி லைட்ஸ் வென்ட் அவுட்.' இதை 'பேசிக்கொண்டிருந்தாலும்' என்று பெயர்த்தால் கெட்டது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தது என்பதே பொருள். 'ஈவன் பிஃபோர்' என்றாலும் 'முன்பே'. இங்கே 'உம்' விலகி 'ஏ' வந்துவிட்டதைப் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குச் 'சரியாக, அப்படியே' என்ற பொருள் இருந்தது. 1611இல் வந்த ஆங்கில பைபிளில் அந்தப் பொருளோடு பக்கத்துக்குப் பக்கம் பார்க்கலாம். இன்று அந்தப் பழைய வாசனை 'ஈவன் ஆஸ்' போன்ற சில இடங்களில்தான் மிச்சம்.

பிரதிப்பெயருக்கு முன்னால் வரும்போது கிரியோல் காலை வாருகிறது. 'மொமெம்' என்றால் நானே. 'மெம் முவா' என்றால் நான்கூட. ஒரே 'மெம்', முன்னால் நின்றால் ஒரு பொருள், பின்னால் ஒட்டினால் வேறு பொருள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சொல்லே வேறு. நானே என்றால் 'ஐ மைசெல்ஃப்', நான்கூட என்றால் 'ஈவன் ஐ'. நான்கூட என்று சொல்ல வந்து 'ஈவன் மைசெல்ஃப்' என்பவர் இரண்டையும் கலக்கிவிடுகிறார்.

அடுத்த பிழை பிரெஞ்சின் நேர் நகல். 'மெம் முவா, ஜ ந சவே பா' என்று பேசிய வாய் 'ஈவன் மீ, ஐ டிட் நாட் நோ' என்று எழுதுகிறது. எழுவாய் ஒருமுறை போதும்: 'ஈவன் ஐ டிட் நாட் நோ.' 'மீ' வரும் இடம் செயப்படுபொருள்: 'தே பிளேம்ட் ஈவன் மீ', என்னைக்கூடக் குறை சொன்னார்கள். பேச்சில் ஒற்றைப் பதிலாக 'ஈவன் மீ' என்பதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள், கடிதத்தில் வேண்டாம்.

இடம் மாறினால் கதையே மாறும். 'ஈவன் ஹி சைன்ட்' என்றால் பிடிவாதக்காரரான அவர்கூடக் கையெழுத்துப் போட்டார். 'ஹி ஈவன் சைன்ட்' என்றால், அவர் வந்தார், கேட்டார், கையெழுத்துக்கூடப் போட்டார். தமிழில் 'கூட' எந்தச் சொல்லின் முதுகில் ஒட்டுகிறதோ, ஆங்கிலத்தில் 'ஈவன்' அதே சொல்லின் முகத்துக்கு எதிரே நிற்கும். வினையோடு துணைவினை இருந்தால் மட்டும் அதற்குப் பின்னால் போகும்: 'ஹி ஹாஸ் ஈவன் சைன்ட்.'

எதிர்மறையிலும் அந்தத் துணைவினைக் கணக்குத்தான். 'கூட இல்லை' என்று பொருள்படும் 'மெம் பா' என்ற பிரெஞ்சு வரிசையைப் பிடித்துக்கொண்டு 'ஹி ஈவன் டிட்ன்ட் கால்' என்று எழுதுகிறார்கள். 'ஹி டிட்ன்ட் ஈவன் கால்' என்பதே வழக்கு. ஒரு போன்கூடச் செய்யவில்லை. 'ஈவன் ஹி டிட்ன்ட் கால்' என்று முன்னால் தூக்கி வைத்தால் மற்ற யாரும் கூப்பிடவில்லை, கட்டாயம் கூப்பிடுவார் என்று நம்பிய அவரும் கூப்பிடவில்லை என்றாகிவிடும்.