கடலோர நிலத்தைக் காக்கும் விதிகள்: மணல்மேடும் வலைத்திடலும் பழைய கோட்டையும் வரைபடத்தில் ஏற என்ன செய்ய வேண்டும்?

கடற்கரை ஊர்களில் தினமும் அதிகம் பயன்படும் நிலம் பெரும்பாலும் யார் பெயரிலும் பட்டா இல்லாத நிலம்தான். வலை காயப்போடும் திடல், படகு ஏற்றி வைக்கும் மணல், கருவாடு உலர்த்தும் இடம், ஊருக்கும் கடலுக்கும் நடுவே நிற்கும் மணல்மேடு எல்லாமே வருவாய்க் கணக்கில் 'புறம்போக்கு' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இந்த நிலத்துக்கு முதன்மையான சட்டப் பிடிமானம், 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. சி.ஆர்.இசட். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பக்கத்தில் பழஞ்சின்னம் ஏதாவது இருந்தால் 1958ஆம் ஆண்டுத் தொன்மைச் சின்னங்கள் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டுமே எல்லைக்கோட்டை வைத்து நடப்பவை. வரைபடத்தில் ஏறிய மணல்மேட்டை ஒருவர் வெட்டினால் வரைபடத்தைக் காட்டித் தடுக்கலாம். ஏறாத மேட்டை வெட்டினால், அங்கே மேடு இருந்தது என்று நிரூபிக்கும் சுமை ஊர்க்காரர்கள் தலையில் விழும். அதனால்தான் இங்கே வரைபடத்துக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எந்த அறிவிக்கை, எந்த மண்டலம்?

முதல் அறிவிக்கை 1991 பிப்ரவரி 19 அன்று வந்தது. அதற்குப் பதிலாக 2011 ஜனவரி 6இல் இரண்டாவதும், 2019 ஜனவரி 18இல் மூன்றாவதும் வந்தன. 2019 அறிவிக்கை ஒரு மாநிலத்தில் நடைமுறைக்கு வர வேண்டுமானால், அதன்படி புதுப்பித்த கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்துக்கு (மண்டல எல்லைகளைக் காட்டும் வரைபடங்கள் அடங்கியது) மத்திய அரசு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். அதுவரை 2011 விதிகளும் பழைய வரைபடமுமே செல்லும். ஆகவே எந்த மனு எழுதும் முன்பும், உங்கள் மாவட்டத்துக்கு ஒப்புதல் பெற்ற வரைபடம் எந்த ஆண்டின் அறிவிக்கைப்படி தயாரானது என்று மாவட்டச் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தவறான ஆண்டின் விதியைக் குறிப்பிட்ட மனு முதல் பார்வையிலேயே பலவீனமாகிவிடும்.

கடல் முகப்பில், உயர் அலைக் கோட்டிலிருந்து (பெரிய அலையேற்றத்தின்போது கடல்நீர் நிலத்தில் எட்டும் எல்லை) நிலப்பக்கம் 500 மீட்டர் வரை மண்டலத்துக்குள் வரும். கழிமுகம், உப்பங்கழி, ஓடை போன்ற அலை ஏறி இறங்கும் நீர்நிலைகளின் கரையில் 2011 விதிப்படி 100 மீட்டர், 2019 விதிப்படி 50 மீட்டர். ஓடையின் அகலம் இதைவிடக் குறைவாக இருந்தால் அந்த அகலமே கணக்கு. அலையின் தாக்கம் எதுவரை என்பதை உப்பின் அளவு முடிவு செய்கிறது. ஆண்டின் மிக வறண்ட காலத்தில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு எதுவரை இருக்கிறதோ அதுவரை.

இந்தப் பரப்புக்குள் மிக இறுக்கமான பாதுகாப்பு முதல் வகை 'அ' பகுதிக்கு: அலையாத்திக் காடு, பவளப்பாறை, மணல்மேடு, சேற்றுத்திட்டு, உப்புச் சதுப்பு, கடற்புல் படுகை, ஆமை முட்டையிடும் கரை, பறவைகள் கூடு கட்டும் இடம். தொல்லியல் முக்கியத்துவம் உள்ள இடங்களும் மரபுச் சின்னங்களும் இதே பட்டியலில்தான் வருகின்றன. இது பலருக்குத் தெரியாது. அலையாத்தி 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டர் இடைவெளியும் இதே வகையில் சேரும். அலை ஏறி இறங்கும் கரைப்பகுதி முதல் வகை 'ஆ'. கடல்வரை கட்டடம் நெருங்கிவிட்ட நகர்ப்பகுதி இரண்டாம் வகை. ஊரகக் கடற்கரை மூன்றாம் வகை. நீர்ப்பரப்பு, 12 கடல் மைல் வரை, நான்காம் வகை.

மீனவ ஊர்கள் பெரும்பாலும் மூன்றாம் வகையில் இருப்பதால் அங்கே கவனம் தேவை. 2011 விதியில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டுமானத் தடை. 2019 விதி இதை இரண்டாகப் பிரித்துவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் பகுதியில் தடை 50 மீட்டராகச் சுருங்கும். அதற்குக் குறைந்த பகுதியில் 200 மீட்டர் தொடரும். நெருக்கமான ஊர்களில் 150 மீட்டர் நிலம் தடையிலிருந்து வெளியே போகிறது என்பது இதன் பொருள். அந்த 150 மீட்டரில்தான் பெரும்பாலும் வலைத்திடலும் மணல்மேடும் இருக்கும். மேடு முதல் வகை 'அ' என்று வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்தால் இந்தச் சுருக்கம் அதைத் தொடாது.

வரைபடத்தில் ஏற்றுவது

மாவட்ட அளவிலான வரைபடம் 1:25,000 அளவில் வரையப்படுகிறது. தாளில் 1 மில்லிமீட்டர் என்றால் தரையில் 25 மீட்டர். இருபது மீட்டர் அகலமுள்ள வலைத்திடல் அந்தத் தாளில் ஒரு கோட்டின் தடிமனுக்குள் மறைந்துவிடும். யாரும் வேண்டுமென்றே விடாவிட்டாலும் அது விட்டுப்போகும். அதனால்தான் புல எண் தெரியும் கிராம அளவு வரைபடமும் தயாரிக்கச் சொல்கிறது அறிவிக்கை. ஏறத்தாழ 1:4,000 அளவில், அங்கே 1 மில்லிமீட்டர் 4 மீட்டர். மீனவ ஊர்கள், அவர்களின் பொது இடங்கள், மீன் உலர்த்தும் தளம், இறங்குதளம், பள்ளி, சாலை எல்லாவற்றையும் அந்த வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஊர் பெருகும்போது வீடு கட்டத் தேவைப்படும் இடத்துக்கான நீண்டகாலத் திட்டமும் உடன் இருக்க வேண்டும். இது அரசின் கடமை, நாம் கேட்கும் சலுகையல்ல.

வரைவுத் திட்டம் வெளியானதும் மாவட்ட அளவில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். அங்கே "எங்கள் கடற்கரையைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதிக் கொடுக்கும் மனுவால் வரைபடத்தில் ஒரு கோடும் நகராது. அலுவலர் திருத்தக்கூடிய வடிவில் மனு இருக்க வேண்டும்: எந்தப் புல எண், எந்த உட்பிரிவு, எந்தத் தாள், இப்போது என்னவாகக் காட்டப்பட்டிருக்கிறது, என்னவாக மாற்ற வேண்டும், அதற்கு என்ன ஆதாரம்.

தயாரிக்கும் முறை இது. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டின் (ஒவ்வொரு புல எண்ணின் வகையும் பரப்பும் உள்ள நிலப் பதிவேடு) நகலும், அந்தப் புலங்களின் எஃப்.எம்.பி. வரைபடமும் (எல்லை அளவுகளைக் காட்டும் புல அளவைப் படம்) வாங்குங்கள். இரண்டையும் அரசின் இணையச் சேவையிலும் பார்க்கலாம். பிறகு வயதில் மூத்தவர்கள் இருவர், கைபேசி பிடிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் சேர்ந்து திடலின் எல்லையை நடந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ள வேண்டும். கைபேசிக் கருவி சில மீட்டர் பிசகும். எனவே ஒரு புள்ளியில் சற்று நின்று அளவு நிலைத்த பிறகே குறிக்க வேண்டும், அருகிலுள்ள சர்வே கல்லையும் ஒரு புள்ளியாகச் சேர்க்க வேண்டும். அந்தக் கல் எஃப்.எம்.பி.யிலும் இருக்கும் என்பதால் இரண்டு வரைபடங்களும் பொருந்துகின்றனவா என்று அதை வைத்துச் சரிபார்த்துவிடலாம்.

பயன்பாடு பருவத்துக்குப் பருவம் மாறுவதையும் எழுதுங்கள். வாடைக்காலத்தில் கடல் ஏறும்போது படகுகள் எதுவரை மேலே வருகின்றன என்பது கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் தெரியாது. வெறும் மணலாகத் தெரியும் இடத்தைத்தான் 'பயன்படாத நிலம்' என்று அடுத்தவர் எழுதுகிறார்கள். ஆமை முட்டையிடும் கரை என்றால் வனத்துறையின் முட்டைச் சேகரிப்புப் பதிவு நல்ல ஆதாரம். கிராம சபைத் தீர்மானத்தையும் இணையுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் நடக்கும் சபையில் புல எண்ணோடு தீர்மானம் போட்டு நகல் வாங்கிவிட்டால், கருத்துக் கேட்பு எப்போது வந்தாலும் கையில் தயாராக இருக்கும். மனுவைக் கொடுத்ததற்கு முத்திரையிட்ட ஒப்புகை அவசியம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் மாவட்டக் குழுவில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோரச் சமூகத்தினர் குறைந்தது மூவர் இருக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் யார் என்று கேட்டு, மனுவின் ஒரு நகலை அவர்களிடமும் கொடுங்கள்.

பழஞ்சின்னம் அருகே இருந்தால்

இங்கே முதல் கேள்வி, சின்னம் யார் பாதுகாப்பில் இருக்கிறது என்பது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை, கன்னியாகுமரி அருகே வட்டக்கோட்டை ஆகியவை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. தரங்கம்பாடி டேன்ஸ்பர்க் கோட்டை மாநிலத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. அதற்கு 1966ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் பொருந்தும். கீழே சொல்லும் 100, 200 மீட்டர் கணக்கு 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தைச் சேர்ந்தது. இரண்டையும் குழப்பி எழுதிய புகார்கள் தப்பான அலுவலக மேசையில் தேங்கிக் கிடக்கும்.

மத்தியச் சட்டத்தில் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 100 மீட்டர் வரை தடைசெய்த பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. இந்தத் தூரத்தைக் கோயில் சுவரிலிருந்து அளப்பது பரவலாக நடக்கும் பிழை. பாதுகாக்கப்பட்ட பரப்பின் எல்லையிலிருந்து அளக்க வேண்டும். சுவருக்கு வெளியே உள்ள வளாகமும் பாதுகாப்பில் இருந்தால் கோடு இன்னும் தள்ளிப்போகும். தடைசெய்த பகுதியில் புதுக் கட்டுமானம் கிடையாது, ஏற்கெனவே உள்ள வீட்டைப் பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம். ஒழுங்குமுறைப் பகுதியில் கட்ட, தகுதிவாய்ந்த அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அவர் 15 நாளுக்குள் அதைத் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும், ஆணையம் இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். தடையை மீறிக் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தொல்லியல் அனுமதி கிடைத்துவிட்டது என்பதற்காகக் கடலோர அனுமதி தேவையில்லை என்று ஆகாது. இரண்டும் தனித்தனி.

வீடும் மனையும்

பாரம்பரியக் கடலோரச் சமூகத்தினருக்கு 2011 விதியே 100 முதல் 200 மீட்டருக்குள் வீடு கட்ட வழி விட்டிருக்கிறது. 1991 விதிப்படி கட்டத்தக்கதாக இருந்தும் முறையான ஒப்புதல் பெறாமல் நிற்கும் பழைய வீடுகளை முறைப்படுத்தவும் அதில் இடமுண்டு. ஆனால் அந்த வீட்டை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, சமூகத்துக்கு வெளியே விற்கவும் கூடாது. இந்த நிபந்தனை தெரியாமல் விற்றுவிட்டால் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் சிக்கல்.

கடற்கரை மனை வாங்குபவர்கள், உள்ளாட்சியின் கட்டட அனுமதியை மட்டும் நம்ப வேண்டாம். கேரளத்தின் மரடில் உள்ளாட்சி அனுமதியோடு எழுந்த அடுக்குமாடிகளை, கடலோர விதியை மீறியவை என்று 2019 மே மாதம் இடிக்க உத்தரவிட்டது உச்ச நீதிமன்றம். 2020 ஜனவரியில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. குடியிருந்தவர்கள் முழு விலை கொடுத்து வாங்கியவர்கள்.

மீறலைக் கண்டால்

மணல்மேட்டைச் சமன் செய்வது, சதுப்பை மண் கொட்டி நிரப்புவது, 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுத்து விற்பது எல்லாம் தடைசெய்யப்பட்டவை. அழகுபடுத்துவதற்காக மேட்டைக் கலைப்பதும் தடைதான். தேதி தெரியும் படம், புல எண், அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றோடு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கும் ஆட்சியருக்கும் ஒரே நாளில் புகார் அனுப்புங்கள். கூடவே 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு: அந்தப் புல எண்ணுக்குக் கடலோர அனுமதி தரப்பட்டதா, தரப்பட்டிருந்தால் நகல். 30 நாளில் பதில் வர வேண்டும்.

பதிலுக்காகக் காத்திருந்து கெடு தாண்டிவிடுவதுதான் அதிகம் நடக்கும் இழப்பு. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில், பிரச்சினை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். தக்க காரணம் இருந்தால் கூடுதலாக 60 நாள். கட்டடம் முடிந்த நாளிலிருந்து அல்ல, வேலை தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவதே பாதுகாப்பு. அனுமதி ஆணையையே எதிர்ப்பதானால் கெடு 30 நாள், மேலும் 60 நாள் வரை நீட்டிக்கலாம். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். 2024 ஏப்ரல் 1 முதல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை எடுக்கப்பட்டு, 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாறியிருக்கிறது. பெரிய நிறுவனத்துக்கு இது சிறு தொகை என்பதால், அபராதத்தை மட்டும் கேட்காமல் நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படியும் மனுவில் கட்டாயம் கேளுங்கள்.

நிலத்தை அறக்கட்டளைக்குக் கொடுப்பது

மேட்டுக்குப் பின்னால் சவுக்கோ தென்னையோ நிற்கும் பட்டா நிலத்தை, அப்படியே காக்கட்டும் என்று உள்ளூர் அறக்கட்டளைக்குக் கொடுக்க விரும்புவோர் இருக்கிறார்கள். மனமார வரவேற்க வேண்டிய காரியம், பத்திரத்தில்தான் கவனம் வேண்டும். நிலத்தைக் கொடுத்துவிட்டு "என்றைக்கும் விற்கக் கூடாது" என்று நிபந்தனை போட்டால், 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி அந்த நிபந்தனை செல்லாமல் போய்விடும். கொடை மட்டும் நிற்கும். ஆகவே காக்கும் நோக்கத்தை, நிலத்தைப் பெறும் பொது அறக்கட்டளையின் ஆவணத்திலேயே எழுத வேண்டும்: நிலத்தின் இயற்கைத் தன்மையைப் பேணுவது நோக்கம், புல எண் இது, மேட்டையும் மரத்தையும் தொடக் கூடாது, அறக்கட்டளை கலைந்தால் நிலம் இதே நோக்கமுள்ள எந்த அமைப்புக்குப் போகும் என்பது வரை.

கொடைப் பத்திரம் பதிவாக வேண்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே அறக்கட்டளை அதை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். பதிவு முடிந்ததும் பட்டாவையும் அறக்கட்டளை பெயருக்கு மாற்றிவிடுங்கள். இதை விட்டுவிட்டால் வாரிசுகள் பழைய பட்டாவைக் காட்டி விற்க முயல்வார்கள். அறங்காவலர்களே நோக்கத்தை மீறினால், அந்த அறக்கட்டளையில் அக்கறையுள்ள இருவர் சேர்ந்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின் கீழ் நீதிமன்ற அனுமதியோடு வழக்குத் தொடுக்கலாம். அந்த இருவர் ஊரிலேயே கிடைக்க வேண்டுமானால், பத்திரத்தின் நகல் ஊராட்சி அலுவலகத்திலும் ஒன்று இருக்கட்டும்.