நிலாவில் நின்று வானம் பார்த்த கெப்ளர்

நிலாவில் பூமி உதிப்பதில்லை; மறைவதும் இல்லை. நம்மை நோக்கியிருக்கும் பக்கத்தில் ஓரிடத்தில் நின்று பார்த்தால், வானத்தில் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே உயரத்தில் பூமி நின்றுகொண்டே இருக்கும். சூரியன் எழுந்து மறைய இரண்டு வாரம் ஆகும். விண்மீன்கள் மெல்ல நகரும். பூமி மட்டும் இடம் மாறாது. தொலைநோக்கி வழியாக வானத்தைப் பார்ப்பதற்கு முன்பே இதை யோசித்து எழுதியவர் ஜெர்மானிய வானியலாளர் ஜோஹன்னஸ் கெப்ளர். அதையும் கட்டுரையாக அல்ல, ஒரு மாயக்கதையாக எழுதினார்.

நிலாவில் இருப்பவருக்கு வானம் எப்படித் தெரியும் என்ற கேள்வி, டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்திலேயே அவரைப் பிடித்துக்கொண்டது. 1593-இல் அதை விவாதத்துக்கு வைக்க முயன்றார். பொறுப்பிலிருந்த பேராசிரியர், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் கருத்தை ஏற்காதவர், அனுமதி மறுத்துவிட்டார். பதினாறு ஆண்டுகள் கழித்து, பிராகு நகரில் பேரரசர் இரண்டாம் ருடால்பின் அரசவைக் கணிதராக இருந்தபோது, அதே கேள்வியைக் கதைக்குள் வைத்தார். ‘சோம்னியம்’, அதாவது ‘கனவு’ என்பது அதன் பெயர்.

கதை ஐஸ்லாந்தில் தொடங்குகிறது. துராகோட்டஸ் என்ற சிறுவனின் தாய், மூலிகை முடிச்சுகளை மாலுமிகளுக்கு விற்றுப் பிழைப்பவள். உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க, அவன் ஒரு முடிச்சை அறுத்துவிடுகிறான். கோபம் தலைக்கேறிய தாய் அவனையே கப்பல் தலைவனிடம் கொடுத்துவிடுகிறாள். டென்மார்க்கின் வானியலாளர் டைக்கோ பிராஹேயின் தீவில் போய்ச் சேர்ந்த பையன் வானியல் கற்றுக்கொண்டு சில ஆண்டுகளில் திரும்புகிறான். மனம் மாறிய தாய், தனக்குப் பழக்கமான ஓர் ஆவியை அழைக்கிறாள். அந்த ஆவிதான் ‘லெவேனியா’ என்னும் நிலாவைப் பற்றி நமக்குச் சொல்கிறது.

ஆவிகளுக்கு வெயில் ஆகாது. அதனால் கிரகணத்தின்போது பூமிக்கும் நிலாவுக்கும் இடையே விழும் நிழல் வழியாகத்தான் அவை மனிதரைத் தூக்கிச் செல்லும். புறப்படும் வேகத்தில் உடல் சிதறிவிடாதிருக்க மயக்க மருந்து. மூச்சுத் திணறாதிருக்க மூக்கில் ஈரப் பஞ்சு. மாயக்கதைதான், ஆனாலும் ஒவ்வொரு வரியிலும் இயற்பியல் எட்டிப்பார்க்கிறது. பாதி வழி கடந்தபின் பூமியின் இழுப்பும் நிலாவின் இழுப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் இடம் ஒன்று இருக்க வேண்டும் என்கிறார் கெப்ளர். நியூட்டனின் ஈர்ப்பு விதி வெளியானது 1687-இல்தான். அந்த விதி கைக்கு வந்தபின் இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. பூமியின் நிறை நிலாவைப்போல் சுமார் 81 மடங்கு. இழுப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், 81-இன் வர்க்கமூலமான 9-தான் இரண்டு தூரங்களின் விகிதம். நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது; அதில் பத்தில் ஒன்பது பங்கு, ஏறத்தாழ 3,46,000 கிலோமீட்டர் போனால் இரண்டும் சமம்.

சரி, பூமி ஏன் அசையாமல் நிற்கிறது? குத்துவிளக்கை நடுவில் வைத்துக் கும்மியடிக்கும் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கைப் பார்த்தபடியே ஒரு சுற்று வருபவள், தன்னையறியாமல் தன் உடலையும் ஒரு முறை சுழற்றிவிடுகிறாள். சுற்றியுள்ள சுவரும் தூணும் அவள் கண்முன் மாறிக்கொண்டே போகும். விளக்கு மட்டும் எப்போதும் முகத்துக்கு நேரே இருக்கும். நிலாவும் அப்படித்தான். பூமியை ஒருமுறை சுற்றிவர 27.3 நாள், தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ளவும் அதே 27.3 நாள். நிலாவின் முகத்தில் நட்டநடுவே நிற்பவருக்குப் பூமி உச்சந்தலைக்கு மேலே இருக்கும். அங்கிருந்து விளிம்பை நோக்கிப் போகப் போக அது சரிந்து, கடைசியில் தொடுவானத்தில் அமர்ந்துவிடும். மறுபக்கத்தில் இருப்பவருக்கோ பூமி என்ற ஒன்று இருப்பதே தெரியாது.

கெப்ளரின் நிலாவாசிகள் பூமியை ‘வோல்வா’ என்று அழைக்கிறார்கள். அதுதான் அவர்களுக்குக் கடிகாரம். நமக்கு நிலா தெரிவதைவிட விட்டத்தில் சுமார் 3.7 மடங்கு பெரிதாகத் தெரியும் அந்த வட்டத்தில், கண்டங்களும் கடல்களும் 24 மணி நேரத்துக்கொரு முறை சுழன்று வரும். அதற்கும் வளர்பிறை, தேய்பிறை உண்டு, ஆனால் தலைகீழாக. நமக்கு அமாவாசை என்றால் அங்கே முழுப் பூமி. மூன்றாம் பிறையன்று நிலாவின் இருண்ட பகுதி மங்கலாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட முழுதாக ஒளிரும் பூமியின் வெளிச்சம்தான் அது. கெப்ளரின் ஆசிரியர் மேஸ்ட்லினும் இதை விளக்கியிருக்கிறார். அங்கே பகலும் இரவும் தலா இரண்டு வாரம். 2023 ஆகஸ்டு 23 அன்று தரையிறங்கிய சந்திரயான்-3 ஒரு நிலாப் பகல் வேலை செய்து, அடுத்து வந்த நீண்ட இரவுக்குப் பின் விழிக்காமல் போனதற்கு அந்த இரவின் கடுங்குளிர்தான் காரணம்.

1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8 விண்கலத்திலிருந்து எடுத்த புகழ்பெற்ற படத்தில் பூமி உதிக்கிறதே என்று கேட்கலாம். நகர்ந்தது விண்கலம். தரையில் நின்றிருந்தால் அந்த உதயம் கிடையாது.

ஒரு சிறு திருத்தம் உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்தது. பூமி அந்த இடத்தில் அப்படியே உறைந்திருப்பதில்லை, லேசாக ஊசலாடுகிறது. நிலா தன்னைச் சுற்றும் வேகம் மாறாதது. ஆனால் அதன் பாதை நீள்வட்டம். பூமியை நெருங்கும்போது வேகமாகவும் விலகும்போது மெதுவாகவும் ஓடுகிறது. இரண்டு வேகங்களும் கொஞ்சம் முன்பின்னாவதால், விளிம்பில் நிற்பவருக்குப் பூமி தொடுவானத்துக்கு மேலும் கீழும் ஏறி இறங்கும். இந்த வேக மாற்றத்தைச் சொல்லும் விதியைக் கோள்களுக்காகக் கண்டறிந்து 1609-இல் வெளியிட்டவரும் கெப்ளர்தான்.

இந்தக் கதைக்கு அவர் கொடுத்த விலை பெரிது. கையெழுத்துப் பிரதி ஒன்று 1611-இல் பிராகிலிருந்து வெளியே போனது. மூலிகை விற்கும் தாய், ஆவியை அழைக்கும் தாய். கெப்ளரின் தாய் கதாரினாவும் மூலிகை தெரிந்தவர். 1615-இல் அவர்மீது சூனியக்காரி என்ற பழி விழுந்தது. தன் கதையும் அந்த வதந்திக்குத் தீனி போட்டது என்று கெப்ளர் நம்பினார். எழுபது வயதைக் கடந்த அந்த மூதாட்டியைப் பதினான்கு மாதம் சங்கிலியில் வைத்திருந்தார்கள். சித்திரவதைக் கருவிகளைக் காட்டி மிரட்டினார்கள். அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மகனே முன்னின்று வாதாடி 1621-இல் மீட்டார். அடுத்த ஆண்டே தாய் இறந்துபோனார்.

அதன்பிறகும் கெப்ளர் கதையைக் கைவிடவில்லை. 223 குறிப்புகள் எழுதிச் சேர்த்தார். கதையைவிடக் குறிப்புகள் நீளம். அவர் சொல்லவந்தது அங்கே வெளிப்படையாகிறது. லெவேனியாவின் மக்கள் தங்கள் நிலம் அசையாமல் நிற்பதாகவும், சூரியனும் விண்மீன்களும் தங்களைச் சுற்றுவதாகவும் உறுதியாக நம்புகிறார்கள். கண்ணெதிரே பூமி சுழல்வதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்; தங்கள் நிலா ஓடுவதை அவர்களால் உணர முடியவில்லை. நாமோ நிலா ஓடுவதைப் பார்க்கிறோம். பூமி ஓடுவதை உணர்வதில்லை. பூமி அசைவது தெரியவில்லையே என்று கோப்பர்நிக்கஸை மறுத்தவர்களுக்கு இதைவிட நல்ல பதில் அன்று இருந்ததாக நான் நினைக்கவில்லை.

அச்சு வேலை நடந்துகொண்டிருந்த 1630-இல் கெப்ளர் காலமானார். பொறுப்பேற்ற மருமகனும் இறந்துபோக, மகன் லுட்விக் 1634-இல் நூலை வெளியிட்டார். பூமி சுற்றுகிறது என்று வாதிட்டதற்காகக் கலிலியோ ரோமில் தண்டிக்கப்பட்டது அதற்கு முந்தைய ஆண்டு.