நினைவில் பதிய ஒரு கதை

எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் முற்றிவரும் தன் அக்காவுக்கு, மூளைப் பயிற்சி தரும் செல்போன் செயலியைச் சந்தா கட்டி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை நோயெதிர்ப்பு அமைப்பே தாக்கும் நோய் இது. உறை சிதைந்தால் சமிக்ஞை தாமதமாகும். முற்றும் வகையில் இழைகளும் அழிகின்றன. நடை தளர்வதை எல்லோரும் பார்க்கிறார்கள். நினைவு தளர்வதை வீட்டார்கூட அலட்சியம் என்று கோபித்துக்கொள்கிறார்கள். இந்த நினைவுத் தளர்வைப் பாரிஸ் மருத்துவர் ஷார்கோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கவனித்திருந்தார்.

இந்த மறதியின் தன்மை வியப்பானது. ஒரு சொற்பட்டியலை முழுதாகக் கற்கும்வரை திரும்பத் திரும்பப் படிக்கவிட்டால், நோயாளிகளில் பலர் பிறகு மற்றவர்களைப் போலவே அதை நினைவுகூர்கிறார்கள். கற்பதற்குத்தான் கூடுதல் முறைகள் தேவைப்படுகின்றன. அதாவது கோளாறு பெரும்பாலும் பதியும் கட்டத்தில் இருக்கிறது.

அமெரிக்காவின் கெஸ்லர் அறக்கட்டளையில் சியாரவலோட்டி, டெலூகா குழுவினர் ஆராய்ந்த கதைவழிப் பயிற்சி அந்த இடத்தைத்தான் பிடிக்கிறது. பத்தே அமர்வுகள். முதலில் படித்ததை மனத்தில் காட்சியாக்கப் பழக்குகிறார்கள். பிறகு தொடர்பில்லாத சொற்களைக் கதையாகக் கோக்கவேண்டும். குடை, நீதிபதி, பூனை, வெல்லம் என்று வைத்துக்கொள்வோம். குடை பிடித்தபடி நீதிபதி வருகிறார். அவர் மேசையிலிருந்த வெல்லத்தைப் பூனை கவ்விக்கொண்டு ஓடுகிறது. காட்சி கோணலாக இருந்தால் இன்னும் நன்றாகப் பதியலாம். குடையைத் தொட்டால் பூனை வரை வந்துவிடுகிறது! கடைசி இரண்டு அமர்வுகளில் மளிகைப் பட்டியல், போகும் வழி போன்ற அன்றாடக் காரியங்களுக்கு இதைப் பயன்படுத்தக் கற்றுத்தருகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கணினிப் பயிற்சியின் கதை வேறு. ஆறு நாடுகளில், முற்றும் வகை எம்.எஸ். உள்ள 311 பேரிடம் நடந்த காக்எக்ஸ் ஆய்வு 2023இல் வெளிவந்தது. பன்னிரண்டு வாரம் கணினிவழி அறிதிறன் பயிற்சியும் உடற்பயிற்சியும் பெற்றவர்கள், ஒப்பீட்டுக்காக மாற்றுப் பயிற்சி பெற்றவர்களைவிடச் சிந்தனை வேகத்தில் முந்தவில்லை. எதிர்பார்த்தது கிடைக்காத முடிவையும் மறைக்காமல் வெளியிடும் இத்தகைய ஆய்வுகளுக்கு அரசுகள் தாராளமாக நிதி தரவேண்டும். விளம்பரங்களை நம்பி நோயாளிகள் பணத்தை இழக்காமல் காப்பவை இவையே.

ஆகவே, வாசகிக்கு: சந்தா இப்போது வேண்டாம். நரம்பியல் மருத்துவரிடம் சொல்லி, அக்காவுக்கு முதலில் நினைவையும் கவனத்தையும் அளக்கும் நரம்பு உளவியல் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். மனச்சோர்வும் தூக்கக்குறைவும் மறதியைக் கூட்டும். அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பயிற்சி தொடங்கினால், அக்காவின் சொந்த மருந்துப் பட்டியலையும் வீட்டு வேலைகளையும் வைத்தே பழக்கச் சொல்லிக் கேளுங்கள்.