நான்-டாக்ஸிக் (நச்சில்லாதது) என்றால் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை

அக்டோபர் பிறந்தால் போதும், பூசணி, வௌவால், மண்டையோடு, கல்லறை என்று ஆர்டர்கள் குவிந்துவிடும். நியூஜெர்ஸியில் கேக் செய்து விற்க ஆரம்பித்ததிலிருந்து ஹாலோவீன்தான் எனக்குப் பிடித்த சீசன். ஆனால் இந்த வருடம் மூன்றாவது ஆளாக ஒருவர் கேக்கில் தூவச் சொல்லி ஒரு கிளிட்டர் (மினுமினுப்புப் பொடி) குப்பியை நீட்டியதும், இதைப் பற்றி எழுதாமல் விடக்கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, கறுப்பு கேக் மேல இதைத் தூவிக் குடுத்துடுங்க. நான்-டாக்ஸிக்னு போட்டிருக்கு, பாத்துதான் வாங்கினேன்" என்றார் அந்தப் பெண். கட்டைவிரல் உயரக் குப்பி, உள்ளே வெள்ளி நிற கிளிட்டர். திருப்பிப் பார்த்தேன். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலே இல்லை. அடியில் பொடி எழுத்தில் 'ஏ.எஸ்.டி.எம். டி 4236' என்று இருந்தது. அது ஓவிய, கைவினைச் சாமான்களின் லேபிளுக்கான விதி. அட்டையில் பசை தடவி ஒட்ட வேண்டிய பொடி அது. வீட்டில் 24 கப்கேக்கில் ஏற்கனவே தூவி வைத்திருப்பதாகவும் சொன்னார்.

நான்-டாக்ஸிக் என்பது, அந்தப் பொருளை எதற்காகச் செய்தார்களோ அதற்குப் பயன்படுத்தினால் கெடுதல் வராது என்பதுதான். குழந்தை கிரேயானைக் கடித்துத் துளி உள்ளே போனால் பயப்பட வேண்டாம், அவ்வளவே. சாப்பாட்டில் போடலாம் என்று அந்த வார்த்தை எங்கேயும் சொல்லவில்லை. வாசலில் கோலப்பொடியைக் கையால்தான் அள்ளிப் போடுகிறோம், ஒன்றும் செய்வதில்லை. அதற்காக இட்லி மாவில் கலப்போமா? உடனே, "ஸ்வீட்ல வெள்ளித்தாள் ஒட்டுறாங்களே?" என்று கேட்பார்கள். அது சாப்பிடுவதற்கென்றே தூய வெள்ளியை அடித்துச் செய்த தாள். குப்பியில் இருப்பது வெள்ளி நிறம் மட்டும்தான். அது பிளாஸ்டிக்கா, வேறு உலோகமா என்று பார்த்தால் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் மிகைப்படுத்தவில்லை. 2018-இல் ரோட் ஐலண்டில் ஒரு பிறந்தநாள் கேக் சாப்பிட்ட 6 குழந்தைகளுக்கு வாந்தி. பூச்சில் தடவியிருந்த ரோஸ் கோல்டு நிறப் பொடி பெரும்பாலும் செம்புத்தூள். அடுத்த வருடம் மிசௌரியில் ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம். பிறந்தநாள் கேக்கின் பூக்களில் தூவிய மஞ்சள் பொடியில் கால் பங்கு ஈயம்தான். இரண்டையும் 2021-இல் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. வெளியிட்டது. இத்தனைக்கும் அந்த இரண்டு கேக்கும் கடையில் செய்தவை. என் தொழிலில் இருப்பவர்களே இதில் தவறுகிறார்கள் என்பதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

குப்பியில் 'எடிபிள்' (சாப்பிடக்கூடியது) என்று இருக்க வேண்டும், உட்பொருள் பட்டியலும் இருக்க வேண்டும். சர்க்கரை, சோளமாவு, மால்டோடெக்ஸ்ட்ரின், அகேசியா பிசின், உணவு நிறமி என்று படித்தால் புரிகிற மாதிரி இருக்கும். 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று போட்டிருந்தால் அதை அலங்காரத்துக்கு மட்டுமே வையுங்கள், வாயில் போகிற இடத்தில் வேண்டாம். தண்ணீரில் கரைகிறதா என்று சோதிக்கிறார்கள் சிலர். அதை நம்பாதீர்கள். உணவுக்கு அனுமதித்த மைக்கா (மினுமினுக்கும் கனிமம்) பொடியும் கரையாது. லேபிளைத்தான் படிக்க வேண்டும்.

அடுத்தது கறுப்பு நிறம். கறுப்பு கிரீமுக்கு கரித்தூள் வாங்கிப் போடுகிறார்கள். ஆக்டிவேட்டட் சார்கோல், விஷம் குடித்தவருக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பது. வயிற்றில் இருப்பதை உறிஞ்சிக்கொள்ளும், மாத்திரை போட்டிருந்தால் அதையும் சேர்த்து. அது எதற்கு? பிளாக் கோகோ (கறுப்பான கோகோ பொடி) போட்டு சாக்லேட் பட்டர்கிரீம் அடியுங்கள். கறுப்பு உணவு நிற ஜெல் கொஞ்சமாகச் சேர்த்து, மூடி, ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். சாயங்காலம் சாம்பலாக இருந்தது காலையில் நல்ல கறுப்பாக இருக்கும். உடனே கறுக்க வேண்டும் என்று ஜெல்லை அள்ளி ஊற்றினால் கசப்புதான் மிஞ்சும்.

அப்புறம், கல்லறை கேக்கில் புகை வர டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. மைனஸ் 78 டிகிரி செல்சியஸ் அது. தனிக் கிண்ணத்தில், கேக்குக்கு வெளியே, ஜன்னல் திறந்த அறையில். இறுக்கி மூடிய டப்பாவில் வைக்கவே வைக்காதீர்கள். பூசணியின் கண்ணுக்குள் பட்டன் பேட்டரி விளக்கு வேண்டவே வேண்டாம், விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் சில மணி நேரத்தில் அரித்து ஓட்டையே போட்டுவிடலாம். கடையில் விற்கிற பஞ்சு சிலந்தி வலையையும் கேக்கில் சுற்றாதீர்கள், இழை இழையாக வாயில் போகும். மார்ஷ்மெல்லோவை உருக்கி, விரலில் கொஞ்சம் வெண்ணெய் தடவிக்கொண்டு இழுத்தால் அசல் வலை மாதிரியே வரும்.

அந்தப் பெண்ணின் கேக்கில் அப்படித்தான் வலை போட்டுக் கொடுத்தேன். கப்கேக்குகளை எல்லாம் குப்பையில் போடச் சொன்னேன். மேலே சுரண்டிவிட்டால் போதாதா என்று கேட்டார். போதாது, கிரீமில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தயவுசெய்து சுரண்டிக் கொடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் ஏற்கனவே யாராவது இந்தப் பொடி தூவியதைச் சாப்பிட்டிருந்தால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். குப்பியைத் தூக்கிப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு 1-800-222-1222 என்ற பாய்சன் கன்ட்ரோல் (விஷம் தொடர்பான உதவி) எண்ணைக் கூப்பிடுங்கள். அமெரிக்கா முழுவதற்கும் அதே எண்தான், ராத்திரியிலும் எடுப்பார்கள்.