எஃப்.இ. கல்லூரிக்கு அரசுப் பணம் எப்படிக் கணக்காகிறது?

இங்கிலாந்தில் ஜி.சி.எஸ்.இ. (16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) முடித்த பிள்ளை 18 வயது வரை படிப்பிலோ பயிற்சியிலோ இருந்தாக வேண்டும். சட்டம் இந்த வயதை 2013-இல் 17 ஆக்கியது, 2015-இல் 18 ஆக்கியது. சிலர் பள்ளியிலேயே சிக்ஸ்த் ஃபாரம் என்ற மேல்வகுப்புக்குப் போகிறார்கள். மின்வேலை, கார் மெக்கானிக், சிகையலங்காரம், குழந்தைப் பராமரிப்பு, கட்டட வேலை என்று போகிறவர்களில் பெரும்பாலோர் சேர்வது எஃப்.இ. (ஃபர்தர் எஜுகேஷன்) கல்லூரிகளில், அதாவது பள்ளிக்குப் பிந்தைய தொழிற்படிப்புக் கல்லூரிகளில். இந்த வயதில் பெற்றோர் கல்லூரிக் கட்டணமாக ஒரு பவுண்டும் கட்டுவதில்லை. முழுப் பணமும் அரசிடமிருந்து வருகிறது.

நம் பெற்றோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். முழுநேரப் படிப்பு என்கிறார்கள், ஆனால் வாரத்தில் மூன்று நாள்தானே வகுப்பு? செப்டம்பரில் ஒரு நாள் வராவிட்டால் ஏன் போன் மேல் போன்? மெக்கானிக் ஆகப் போகிற பையனை ஏன் விடாமல் மேத்ஸ் எழுத வைக்கிறார்கள்? மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில், அரசு கல்லூரிக்குப் பணம் தரும் சூத்திரத்தில் இருக்கிறது. அது தெரிந்தால் கல்லூரி ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பது பெருமளவு புரியும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய இடங்களில் முறை வேறு. இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும்.

இந்தக் கல்லூரிகள் 1993 ஏப்ரல் 1 வரை உள்ளூராட்சிகளின் கையில் இருந்தன. பிறகு தனித்தனி நிறுவனங்களாகி, மத்திய அரசின் நிதி அமைப்புகளிடம் நேரடியாகப் பணம் வாங்கத் தொடங்கின. அந்த அமைப்புகளின் பெயர் பலமுறை மாறிவிட்டது. கடைசியாக இருந்த இ.எஸ்.எஃப்.ஏ. 2025 மார்ச் இறுதியில் மூடப்பட்டு, அதன் வேலை கல்வித் துறைக்கே போய்விட்டது.

இப்போதைய சூத்திரம் 2013/14 கல்வியாண்டில் வந்தது. அதற்கு முன்பு ஒரு மாணவர் எத்தனை சான்றிதழ்ப் படிப்புகள் எடுக்கிறார் என்பதைப் பார்த்தே பணம் போனது. இதனால் சின்னச் சின்னச் சான்றிதழ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது கல்லூரிக்கு லாபமாக இருந்தது. வேலை தேடும்போது அந்தச் சான்றிதழ்களில் பலவற்றை எந்த முதலாளியும் மதிக்கவில்லை. 2011-இல் பேராசிரியர் அலிசன் வுல்ஃப் அரசுக்குக் கொடுத்த அறிக்கை இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னது. சான்றிதழுக்குப் பணம் கொடுக்காதீர்கள், மாணவருக்குக் கொடுங்கள் என்றது. அரசு ஏற்றுக்கொண்டது. மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்பதே அன்றிலிருந்து அடிப்படை. என் பார்வையில் இந்த மாற்றம் சரியானது. குறைகள் அதன்மேல் பின்னால் ஏறியவை.

அடிப்படைத் தொகையை எடுத்துக்கொள்வோம். 16, 17 வயது முழுநேர மாணவர் ஒருவருக்கு 2013/14-இல் 4,000 பவுண்டு. ஏழு கல்வியாண்டுகள், அதாவது 2019/20 வரை, அந்தத் தொகை ஒரு பென்னிகூட உயரவில்லை. விலைவாசி ஏறியது, சம்பளம் கேட்டார்கள், மின்கட்டணம் கூடியது. 4,000 மட்டும் அப்படியே நின்றது. ஆசிரியர்கள் பள்ளிகளுக்கும் தொழிலுக்கும் போனார்கள், வகுப்புகள் பெருத்தன, மாலை நேர உதவி வகுப்புகள் மறைந்தன. 2020/21-இல்தான் 4,188 ஆயிற்று. பிறகு 2022/23-இல் 4,542, 2024/25-இல் 4,843, 2025/26-இல் 5,105 பவுண்டு.

முழுநேரம் என்பது என்ன? ஆண்டுக்கு 580 மணி நேரமோ அதற்கு மேலோ கால அட்டவணையில் இருக்க வேண்டும். ஆசிரியரோ பொறுப்பாளரோ இருந்து நடத்தும் நேரம் மட்டுமே கணக்கில் சேரும். வீட்டுப்பாடமும் நூலகத்தில் தானாகப் படிப்பதும் சேராது. 580-ஐ 36 வாரங்களால் வகுத்துப் பாருங்கள், வாரத்துக்கு 16 மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். அதை மூன்று நாளில் முடித்துவிடலாம். அரசு பணம் தருவது அவ்வளவு நேரத்துக்குத்தான். 580-க்குக் கீழே போனால் மாணவர் அடுத்த படிக்கு இறங்குவார், தொகையும் இறங்கும். அதனால் கால அட்டவணை போடுகிறவர்கள் அந்த எண்ணை ஒட்டியே போடுகிறார்கள்.

அடுத்தது 42 நாள். கல்லூரி ஊழியர்கள் வாயில் அடிக்கடி வரும் எண் இது. 24 வாரமோ அதற்கு மேலோ நீளும் படிப்பில், மாணவர் முதல் ஆறு வாரம் இருந்தால்தான் அவர் நிதிக் கணக்கில் ஒரு மாணவர். அதற்குள் நின்றுவிட்டால் அவருக்காக ஒன்றும் கிடையாது. செப்டம்பரில் தொடங்கினால் அந்த நாள் அக்டோபரில் வரும். படிப்பை மாற்ற விரும்பும் பிள்ளையிடம் "அரைத்தவணை விடுமுறைக்கு முன்பே முடிவெடு" என்று சொல்வதும் இதனால்தான்.

42 நாளைத் தாண்டிய பிறகு, ஆண்டு முடிவதற்குள் மாணவர் விலகினால் பாதிப் பணம் குறையும். சூத்திரத்தில் இதற்குத் தக்கவைப்பு எண் உண்டு. நூறு பேரில் பத்துப் பேர் விலகினால் அந்த எண் 0.95. விலகியவருக்கும் சில மாதம் பாடம் நடத்தியிருக்கிறார்களே என்பதால் முழுவதையும் பிடுங்குவதில்லை. இந்த வயதினருக்குத் தேர்ச்சி பெற்றாரா என்பதைப் பணக் கணக்கு பார்க்காது, கடைசி வரை இருந்தாரா என்று மட்டுமே பார்க்கும்.

பிறகு படிப்பின் செலவு. வரலாறு சொல்லிக்கொடுக்க ஓர் அறை போதும். கார் மெக்கானிக் வகுப்புக்கு லிஃப்ட், கருவிகள், பாதுகாப்பு, உதிரிப் பாகங்கள் வேண்டும், ஓர் ஆசிரியரிடம் இத்தனை பேர்தான் என்ற வரம்பும் உண்டு. அதனால் வகுப்பறைப் படிப்புக்கு 1 என்றால், பட்டறை வேண்டிய படிப்புகளுக்கு 1.2, 1.3 என்ற எடையால் பெருக்குவார்கள். நிலமும் கால்நடையும் வைத்திருக்கும் சிறப்பு விவசாயக் கல்லூரிகளில் 1.75 வரை போகும்.

அதன்மேல் பின்தங்கிய நிலைக்கான தொகை. இதில் இரண்டு பகுதிகள். முதலாவது மாணவரின் வீட்டு அஞ்சல் குறியீட்டைப் பார்க்கிறது. அரசின் வறுமைச் சுட்டெண்ணின்படி மிகவும் பின்தங்கிய 27 சதவீதப் பகுதிகளிலிருந்து வருகிற ஒவ்வொருவருக்கும், பகுதியின் நிலையைப் பொறுத்து 8.4 முதல் 33.6 சதவீதம் வரை கூடுதலாக வரும். கல்லூரி எங்கே இருக்கிறது என்பது இங்கே பொருட்டல்ல, பிள்ளை எங்கே தூங்கி எழும்புகிறது என்பதே கணக்கு. இரண்டாவது பகுதி ஜி.சி.எஸ்.இ. ஆங்கிலத்திலோ கணக்கிலோ 4-ஆம் தரம் (தேர்ச்சித் தரம்) எடுக்காமல் வந்தவர்களுக்கு. பாடத்துக்கு இவ்வளவு என்று தனித் தொகை சேரும்.

அந்தத் தொகையோடு ஒரு கட்டாயமும் இருக்கிறது. 4-ஆம் தரம் இல்லாத பிள்ளை அந்தப் பாடத்தைத் தொடர்ந்து படிக்க வேண்டும். 3-ஆம் தரம் எடுத்த முழுநேர மாணவர் ஜி.சி.எஸ்.இ.யையே திரும்ப எழுத வேண்டும். 2-ஆம் தரமோ அதற்குக் கீழோ என்றால் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் என்ற நடைமுறைத் திறன் தேர்வும் ஏற்கப்படும். 2014-இல் தொடங்கிய விதி இது. அந்தப் பாடத்தில் சேர்க்காமல் விட்ட மாணவர்களின் எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொருவருக்கும் அடிப்படைத் தொகையில் பாதி பின்னால் வெட்டப்படும். அந்த வரம்பு நீண்ட காலம் 5 சதவீதமாக இருந்தது, 2025/26-இல் 2.5 ஆகச் சுருங்கிவிட்டது. "பையனுக்கு மேத்ஸ் வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்று பெற்றோர் கேட்டால் கல்லூரி தலையாட்ட முடியாமல் இருப்பது இதனால்தான்.

கடைசியாக இடச் செலவு. உள்லண்டனில் முழுத் தொகையையும் 1.2 ஆல் பெருக்குவார்கள். நாட்டின் பெரும்பகுதியில் இது 1 அல்லது அதற்குச் சற்று மேல்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்லண்டனில் ஒரு கல்லூரி. 16, 17 வயது முழுநேர மாணவர் 1,000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,105 பவுண்டு வீதம் 51.05 லட்சம். 60 பேர் இடையில் நின்றுவிட்டார்கள், தக்கவைப்பு எண் 0.97, தொகை 49.52 லட்சம். படிப்புகளின் சராசரி எடை 1.1, தொகை 54.47 லட்சம். அஞ்சல் குறியீட்டால் சராசரியாக 5 சதவீதம், அதாவது 2.72 லட்சம் கூடுகிறது. ஆங்கிலம், கணக்குத் தொகை 2 லட்சம் என்று கொள்வோம். மொத்தம் 59.19 லட்சம். இதை 1.2 ஆல் பெருக்கினால் 71 லட்சம் பவுண்டு. இதே கல்லூரியில் இன்னும் பத்துப் பேர் நின்றுவிட்டால் 35,000 பவுண்டுக்கு மேல் போய்விடும். கிட்டத்தட்ட ஓர் ஆசிரியரின் ஆண்டுச் சம்பளம் அது. வராத பிள்ளையின் வீட்டுக்கு ஏன் அத்தனை போன் என்பது இங்கே தெரிகிறது.

இந்தக் கணக்கில் வரும் தக்கவைப்பு, எடை, அஞ்சல் குறியீடு எல்லாம் கல்லூரியின் முந்தைய ஆண்டுகளின் பதிவுகளிலிருந்து எடுத்த சராசரிகள். உங்கள் பிள்ளையின் பெயருக்கு நேராக ஒரு தொகை எழுதி வைக்கப்படுவதில்லை. மாணவர் எண்ணிக்கையும் அப்படியே. இந்த ஆண்டுப் பணம் போன ஆண்டில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கைப்படி வருகிறது. மாணவர் குறைந்தால் கல்லூரிக்கு ஓர் ஆண்டு மூச்சுவிட நேரம் கிடைக்கும். கூடினால் கஷ்டம். 1,000 பேருக்குப் பணம் வாங்கி 1,100 பேரைச் சேர்த்தால், மிச்சம் 100 பேருக்கு இந்த ஆண்டு வகுப்பும் ஆசிரியரும் கல்லூரியின் சொந்தப் பொறுப்பு. வளர்ச்சி பெரிதாக இருந்தால் ஆண்டு நடுவில் கூடுதல் தொகை கேட்கலாம். அரசிடம் பணம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அது கிடைக்கும். நல்ல பெயர் எடுத்த கல்லூரியில்கூட ஆகஸ்ட் கடைசியில் "இடம் முடிந்துவிட்டது" என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு மனம் பொறுக்காத இடம் 18 வயது. ஆகஸ்ட் 31-இல் 18 வயது நிரம்பிவிட்ட மாணவருக்கு, சிறப்புத் தேவை உள்ளவராக இல்லாவிட்டால், 600 மணி நேரம் படித்தாலும் ஒரு படி குறைந்த தொகைதான். 2014/15-இல் இந்த வெட்டு வந்தபோது அது 17.5 சதவீதம், 4,000 பவுண்டு 3,300 ஆயிற்று. அந்த வயதில் இந்தப் படிப்பில் யார் இருப்பார்கள் என்று யோசியுங்கள். 16 வயதில் நல்ல தரங்களோடு நேராக லெவல் 3 (ஏ-லெவலுக்குச் சமமான நிலை) போனவர் 18-இல் முடித்துவிட்டுப் போயிருப்பார். மூன்றாம் ஆண்டும் இருப்பவர் லெவல் 1-இலோ 2-இலோ தொடங்கி ஏறி வந்தவர், நோயில் ஓர் ஆண்டை இழந்தவர், பதினைந்து பதினாறு வயதில் இலங்கையிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ வந்து முதல் ஆண்டை ஆங்கிலத்துக்கே கொடுத்தவர். அதிக உதவி வேண்டியவருக்குக் குறைந்த பணம். அவர் உட்காரும் பட்டறைக்கும் ஆசிரியருக்கும் செலவு ஒரு பென்னிகூடக் குறைவதில்லை. இதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு அநியாயம் வாட் வரி. பள்ளிகளும் அகாடமிகளும் தாம் கட்டிய வாட் வரியைத் திரும்பப் பெறலாம். எஃப்.இ. கல்லூரிகளால் முடியாது. 2022 நவம்பரில் இவற்றைப் பொதுத்துறை என்றே புள்ளிவிவர அலுவலகம் வகைப்படுத்திவிட்டது, ஆனாலும் இந்த விதி மாறவில்லை.

சிறப்புத் தேவை உள்ள மாணவருக்கு மேற்சொன்ன தொகையோடு 6,000 பவுண்டு சேரும். அதற்கும் மேல் வேண்டியதை உள்ளூராட்சி தரும். 19 வயதைத் தாண்டியவர்களுக்கு முறை முழுவதும் வேறு. 2024 ஆகஸ்ட் முதல் அதன் பெயர் அடல்ட் ஸ்கில்ஸ் ஃபண்ட். அதில் பெரும்பகுதியை லண்டன் போன்ற இடங்களில் மேயரின் நிர்வாகமே பங்கிடுகிறது. அங்கே தேர்ச்சிக்கும் விலை உண்டு, படிப்பின் தொகையில் 20 சதவீதம் மாணவர் வெற்றிகரமாக முடித்த பிறகே வரும்.

பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. வீடு மாறியிருந்தால் புதிய அஞ்சல் குறியீட்டையே கொடுங்கள். இலங்கையிலோ இந்தியாவிலோ எழுதிய ஓ.எல்., பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால் மூலப் பிரதியைக் கொண்டுபோய், வெளிநாட்டுச் சான்றிதழ்களை ஒப்பிட்டுச் சொல்லும் யூ.கே. எனிக் வழியாகச் சமநிலை பார்க்கும்படி கேளுங்கள். சமம் என்று வந்தால் அந்தப் பாடத்தைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. சான்று காட்டாவிட்டால் தரம் இல்லாதவராகவே பதிவாகும். ஆங்கிலம் இன்னும் பழக வேண்டிய பிள்ளைக்கு ஜி.சி.எஸ்.இ.க்கு முன்படியாக ஈசால் (வேற்றுமொழிக்காரர்களுக்கான ஆங்கிலம்) படிப்பை விதி அனுமதிக்கிறது. அடைக்கலம் கோரியுள்ள குடும்பத்தின் 16 முதல் 18 வயதுப் பிள்ளைக்கும் இந்த நிதி உண்டு, விசா முடிவு வரவில்லை என்று படிப்பைத் தள்ளிப்போட வேண்டாம். எடுத்த படிப்பு பிடிக்கவில்லை என்றால் ஆறாவது வாரத்துக்குள் பாட ஆசிரியரிடம் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மாற்றிக் கொடுப்பது கல்லூரிக்கும் எளிது.