பஜனை மடத்துச் சின்ன மிக்சர்: எர்த் பின்னிலிருந்து ரெக்கார்டிங் வரை

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கத்தில் பஜனை மடம், மாதா கோயில் என்று பல இடங்களில் எட்டுச் சேனல் மிக்சர் (மைக், கருவி ஒவ்வொன்றும் ஒரு சேனலில் வர, எல்லா ஒலியையும் கலக்கும் பெட்டி) ஒன்று சொந்தமாகவே இருக்கிறது. தேர், திருவிழாவுக்குத்தான் மைக் செட்டுக்காரர் வருவார்; மற்ற நாட்களில் பாடுகிறவர்களே போட்டுக்கொள்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அங்கே பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் தடித்து நீண்டிருக்க வேண்டிய மூன்றாவது பின் ஒடிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். “ஸ்பீக்கர் பாக்ஸில் ம்ம்ம் என்று இரைந்தது, ஒடித்ததும் நின்றுவிட்டது” என்பார்கள். நின்றது உண்மைதான். கூடவே மைக் பிடிப்பவரின் பாதுகாப்பும் போய்விட்டது.

மைக்கின் உலோக உடல், கேபிளின் மேலுறைக் கம்பி, மிக்சரின் பெட்டி, ஆம்ப்ளிஃபயரின் பெட்டி எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை. ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு ஃபேஸ் ஒயர் உரிந்து பெட்டியில் பட்டால், எர்த் இருக்கும்வரை மின்சாரம் அந்த வழியே இறங்கிவிடும்; ஃபியூஸ் போகும் அல்லது பிரேக்கர் விழும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட் மைக் வலைவரை வந்து நிற்கும். கழுவிவிட்ட ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, உதடு படப் பாடுகிறவர்தான் அதற்கு வழி. பிளக்கை மாற்றுங்கள். மைக், மிக்சர் ஓடும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர்) ஒன்றையும் வயர்மேனிடம் சொல்லிப் போடுங்கள்.

இரைச்சல் வருவதற்கான காரணம் பெரும்பாலும் இதுதான்: மிக்சர் ஒரு சுவரில், ஆம்ப் எதிர்ச்சுவரில் செருகப்பட்டிருக்கும். இரண்டு எர்த்துக்கும் நடுவே சின்ன வோல்டேஜ் வித்தியாசம். அது ஆடியோ கேபிளின் மேலுறை வழியே ஓடி 50, 100 ஹெர்ட்ஸ் முனகலாகக் கேட்கும். எட்டுச் சேனல் மிக்சருக்குச் சில பத்து வாட் போதும். ஆகவே ஆம்ப் செருகியிருக்கும் போர்டிலிருந்தே எக்ஸ்டென்ஷன் இழுத்து மிக்சர், கீபோர்டு, லேப்டாப் எல்லாவற்றையும் அதிலேயே செருகுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். அடங்கினால் லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் இடையே ஒலியை மட்டும் கடத்தி ஒயர் இணைப்பைப் பிரிக்கும் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கீபோர்டுக்கும் எலக்ட்ரானிக் தம்பூராவுக்கும் டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மைக் சிக்னல்போல மாற்றி மிக்சருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி) போட்டு அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானைத் தட்டலாம். அது ஆடியோ கேபிளின் இணைப்பை மட்டும் துண்டிக்கிறது, கரண்ட் எர்த்தைத் தொடுவதில்லை. துண்டிக்கலாம் என்றால் அதை மட்டும்தான். ஜெனரேட்டரில் ஓட்டும் நாளில், வோல்டேஜ் 230க்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகே மிக்சரைச் செருகவும்.

இனி கெயின், அதாவது உள்ளே வரும் ஒலியை மிக்சர் எவ்வளவு பெருக்குகிறது என்பது. ஃபேடர் (சேனலின் ஒலியளவை ஏற்றி இறக்கும் தள்ளுகுமிழ்) எல்லாம் கீழே, கெயின் குறைந்தபட்சத்தில், ஈக்யூ (பாஸ், ட்ரெபிள் குமிழ்கள்) நடுவில். மிக்சரை முதலில் போடுங்கள், ஆம்ப்பைக் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில். மாற்றிச் செய்தால் விழும் ‘டொப்’ பாக்ஸிலுள்ள சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரைத்தான் கொல்லும். சேனலில் பிஎஃப்எல் பொத்தானை (ஃபேடருக்கு முந்தைய அளவை மீட்டரில் காட்டுவது) அழுத்திவிட்டுப் பாடுகிறவரை உச்சத்தில் பாடச் சொல்லுங்கள். “ஹலோ மைக் டெஸ்டிங்” பயன்படாது. அந்தக் குரலுக்குக் கெயின் வைத்தால் “கோவிந்த நாம சங்கீர்த்தனம்” என்று பாகவதர் எடுத்துக் கொடுக்கும் முதல் முழக்கத்திலேயே சிவப்பு எரியும். உச்சக் குரலுக்கு மீட்டர் 0 பக்கம் ஆடி, எப்போதாவது +6 தொட்டால் போதும். பிறகு ஃபேடரை 0 கோட்டுக்கு ஏற்றுங்கள். கெயின் குறைவாக இருந்து ஃபேடரை முழுக்கத் தள்ளினால் ‘ஸ்ஸ்’ இரைச்சலும் ஏறும். கெயின் அதிகமானால் குரல் கரகரக்கும். கெயினில் கெட்டதை ஃபேடரால் சரிசெய்ய முடியாது.

குரல் மைக் எல்லாவற்றிலும் லோ கட் (அடித்தொனியை வெட்டும் பொத்தான்) அமுக்கியிருக்கட்டும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது மைக்குக்கு ஸ்பாஞ்சும் வேண்டும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து மைக்குக்கும் தவிலுக்கும் லோ கட் வேண்டாம். ஜால்ராவுக்கு மைக்கே வேண்டாம், எல்லா மைக்கிலும் தானே ஏறிக்கொள்ளும். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் மைக் கூவத் தொடங்கும் எல்லை ஏறக்குறைய 3 டெசிபெல் இறங்கிவிடும். பாடாதவர் ஃபேடர் கீழேயே இருக்கட்டும்.

கேபிள் வழியே மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் பொத்தான், அது இல்லாமல் ஓடாத கண்டென்சர் மைக்குக்கு மட்டும் தேவை. சின்ன மிக்சரில் அது எல்லாச் சேனலுக்கும் சேர்ந்தே போகும். மூன்று பின் எக்ஸ்எல்ஆர் கேபிளில் வரும் சாதாரண டைனமிக் மைக்குக்குக் கெடுதல் இல்லை. எக்ஸ்எல்ஆர் வழியே மாட்டிய போன், லேப்டாப்புக்கு உண்டு.

போனிலிருந்து பாட்டுப் போடுகிறவர்கள் அடிக்கடி கேட்பது: போனில் பாட்டு ஓடுகிறது, பாக்ஸில் வயலின் கேட்கிறது, பாட்டிலுள்ள பாடகர் குரல் மட்டும் காணோம், ஏன்? போனின் ஸ்டீரியோ ஒயரை ஒரே சேனலின் பேலன்ஸ்டு ஜாக்கில் குத்தியிருப்பார்கள். அந்த ஜாக் இடதிலிருந்து வலதைக் கழிக்கும். இரண்டிலும் ஒன்றுபோல் இருக்கும் குரல் கழிந்துபோகும். ஒரு முனையில் ஸ்டீரியோ, மறுமுனையில் இரண்டு மோனோ பின் உள்ள ஒய் கேபிள் வாங்கி இரண்டு சேனலில் செருகினால் தீர்ந்தது.

ரெக்கார்டிங்குக்கு மெயின் அவுட்டிலிருந்து ஒயர் எடுப்பதுதான் வழக்கம். கேட்டுப் பார்த்தால் பாகவதர் குரல் மட்டும் பூதாகாரமாக இருக்கும். செண்டையும் பின்பாட்டும் எங்கோ தொலைவில். மடத்துக்குள் அவை தாமே உரக்கக் கேட்பதால் மிக்சரில் குறைவாகவே ஏற்றியிருப்பீர்கள், ரெக்கார்டருக்குப் போவதும் அந்தக் குறைவுதான். எனவே ஆக்ஸ் 1ஐ (மெயினைத் தவிர இன்னோர் அவுட்டுக்குத் தனிக் கலவை அனுப்பும் வழி) ப்ரீ ஃபேடரில், அதாவது ஃபேடரின் நிலை பாதிக்காதபடி, வைத்து ரெக்கார்டிங்குக்கென்று தனிக் கலவை செய்யுங்கள். ஹெட்போனில் கேட்டபடி ஒவ்வொரு சேனலின் ஆக்ஸ் குமிழையும் ஏற்றுங்கள். கூட்டத்தைப் பார்த்தபடி ஒரு மைக் வைத்து, அதன் ஃபேடரை முழுக்கக் கீழே விட்டு, ஆக்ஸ் குமிழை மட்டும் ஏற்றினால் நாமாவளிக்குக் கூட்டம் திருப்பிப் பாடுவது பதிவாகும், பாக்ஸும் கூவாது. அந்தச் சேனலில் மியூட் மட்டும் போடாதீர்கள். பல மிக்சர்களில் மியூட் ஆக்ஸையும் சேர்த்து அடைத்துவிடும்.

ஆக்ஸ் அவுட்டை ரெக்கார்டரின் லைன் இன்னில் செருக வேண்டும். மைக் இன்னில் செருகினால் உடைந்த சத்தம்தான் வரும். உச்சம் -12 டெசிபெல் பக்கம் நிற்கட்டும். யுஎஸ்பி இருக்கிறதே என்று நம்பி வாங்குகிறவர்கள், அதில் எத்தனை சேனல் தனித்தனியாகப் போகும் என்று கடையில் கேட்டுவிடுங்கள். சின்ன மிக்சர் பலவற்றில் மெயின் ஸ்டீரியோ மட்டுமே போகும். பிறகு மிருதங்கத்தைத் தனியே ஏற்ற வழியில்லை.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ வேவ் ஃபைல் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி எடுக்கும். விடியவிடிய அகண்ட நாமம் என்றால் 32 ஜிபி கார்டு தாராளம். ஆனால் வேவ் ஃபைல் 4 ஜிபிக்கு மேல் வளராது. ரெக்கார்டர் தானே அடுத்த ஃபைலுக்கு மாறுகிறதா என்று முன்கூட்டியே ஒரு ராத்திரி சும்மா ஓடவிட்டுச் சோதியுங்கள். முடிந்ததும் ஸ்டாப் அழுத்தி, ஃபைல் சேமிக்கப்பட்டதைப் பார்த்த பிறகே மின்சாரத்தை அணைக்கவும்.